ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்: ஐரோப்பாவும் நம் காஞ்சியும்

(கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



பதினைந்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பாவில் நிகழ்ந்த குறிப்பிடத்தக்க நிகழ்ச்சிகளைப் பற்றியும், அக்காலத்து மனிதர்களைப் பற்றியும் பேசுமாறு விழாக்குழுவினர் பணித்துள்ளனர். இத்தலைப்பைக் கேள்வியுற்ற இளைஞர் ஒருவர் நம்மிடம் வந்து ஒரு வினா எழுப்பினார். "ஐயா, கொலம்பசைத் தேர்வுக்காகப் படித்தோம், தேர்வு முடிந்ததும் மறந்தோம். தறிக்குழியில் கால் வைத்து நெய்கிறவனுக்கும், ஏரிக்கரையில் நாற்று நடுகிறவளுக்கும் ஐரோப்பாவின் வரலாறு எதற்கு?" என்றார்.

வினா நேர்மையானது. அதற்கு விடை தேடிப் பார்த்ததில் கிடைத்தவற்றையே இன்று உங்கள் முன் வைக்கின்றோம்.

காஞ்சியில் அக்காலம்

முதலில் நம் ஊரிலிருந்தே தொடங்குவோம். ஏறத்தாழ 1450 முதல் 1500 வரையுள்ள அரை நூற்றாண்டில் காஞ்சிபுரம் விசயநகரப் பேரரசின் ஆட்சிக்குள் இருந்தது. அமைதியான காலம் என்று அதனைச் சொல்ல முடியாது. 1460களில் ஒரிசாவின் கசபதி மன்னரது படை தமிழகத்திற்குள் புகுந்தது. அப்படையெடுப்பால் கோயில்களில் வழிபாடு நின்று போனதைத் தென்னார்க்காட்டுக் கல்வெட்டுகள் 'ஒட்டியன் கலபை' என்னும் சொல்லால் நினைவுகூருகின்றன. 1481ஆம் ஆண்டு பாமினி சுல்தான் மூன்றாம் முகம்மது ஷா விரைந்து வந்து காஞ்சியின் கோயிற் செல்வத்தைக் கொள்ளையிட்டுச் சென்றார். முன்னவர் இந்து, பின்னவர் முசுலிம். மதங்கள் வேறாயினும், வாளேந்தி வந்த மன்னர் இருவருக்கும் கண் சென்றது பொருளின் மேல்தான்.

இந்தச் சுல்தான் அதே 1481ஆம் ஆண்டில் தம் தலைமை அமைச்சரான மகமூது கவானைக் கொல்வித்தார் என்பதையும் நாம் அறிதல் வேண்டும். கவான் கற்றவர், பீதர் நகரில் 1472ஆம் ஆண்டு பெரியதொரு கல்விக்கூடத்தை எழுப்பியவர். அவரைக் கொன்ற சுல்தான் அடுத்த ஆண்டே மறைந்தார். பாமினி அரசும் சிதறத் தொடங்கியது. கவான் கட்டிய கல்விக்கூடத்தின் எஞ்சிய பகுதி இன்றும் பீதரில் நிற்கின்றது.

1485ஆம் ஆண்டு சந்திரகிரியிலிருந்து ஆண்ட சாளுவ நரசிம்மர் விசயநகர அரியணையைக் கைப்பற்றினார். அவ்வாண்டு ஆகத்து மாதத்தில் இங்கிலாந்திலும் அதே கதை நடந்தது. பாசுவொர்த் என்னும் போர்க்களத்தில் மூன்றாம் ரிச்சர்டு மன்னர் மாண்டார். ஏழாம் என்றி முடி சூடினார். கடல்களால் பிரிக்கப்பட்டு, ஒருவரை ஒருவர் கேள்விப்படாத இரண்டு நாடுகளில் ஓராண்டிலேயே பழைய அரச மரபு வீழ்ந்து புதிய மரபு எழுந்தது. எனவே அக்காலத்து ஐரோப்பா நம்மைவிட மேலான உலகம் என்று எண்ணிக்கொள்ளத் தேவையில்லை. அங்கும் சூழ்ச்சி இருந்தது, கொலை இருந்தது, பஞ்சம் இருந்தது, கொள்ளைநோய் இருந்தது.

மன்னர் கதையை விட்டு மக்கள் கதைக்கு வருவோம். நம் காஞ்சி அன்றும் நெசவூர்தான். அந்நூற்றாண்டின் இறுதியில் காஞ்சிக் கைக்கோளர்கள் பல்லக்கில் செல்லவும், நன்மை தீமைகளில் சங்கு ஊதிக்கொள்ளவும் உரிமை பெற்றிருந்தனர். தண்டு, சங்கு என்று கல்வெட்டுகள் குறிக்கும் அவ்வுரிமைகள் காஞ்சியிலுள்ளார்க்கு இருப்பது போல் தமக்கும் வேண்டும் என்று சுற்றுப்புற ஊர்களின் நெசவாளர்களும் கேட்டுப் பெற்றனர். பெற்றதைக் கல்லிலும் வெட்டி வைத்தனர். அதற்கு முன்னரே, 1429ஆம் ஆண்டில், காவிரி நாட்டில் வலங்கை, இடங்கைப் பிரிவினர் ஒன்று கூடினர். அளவு மீறிய வரியையும் நிலவுடைமையாளரின் கொடுமையையும் எதிர்த்து, இனி இவ்வளவுதான் செலுத்துவோம் என்று முடிவு செய்தனர். அம்முடிவும் கோயிற் சுவர்களில் கல்வெட்டாக நிற்கின்றது.

உழைக்கும் மக்கள் கேட்டதும், போராடியதும், பெற்றதும் இன்று நமக்குத் தெரிகின்றன. காரணம், கேட்டவர்கள் அதனைக் கல்லில் எழுதுவித்தார்கள்.

இனி, நம் முன்னோர் அக்கல்வெட்டுகளில் எங்கே இருக்கின்றனர் என்று தேடுவோம். பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் இராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலில் பொறித்த கல்வெட்டுகளிலேயே பறைச்சேரி என்றும் தீண்டாச்சேரி என்றும் சொற்கள் வருகின்றன. வரி கொடாத நிலங்களின் பட்டியலில், குளத்தோடும் சுடுகாட்டோடும் வாய்க்காலோடும் சேர்த்து நம் குடியிருப்புகள் எண்ணப்பட்டிருக்கின்றன. அங்கு வாழ்ந்தவர்களின் குரல் அங்கே இல்லை. அவர்கள் என்ன கேட்டனர், எதற்கு அழுதனர், எதற்குச் சினந்தனர் என்பதை அச்சுவர் நமக்குச் சொல்வதில்லை. சொல்லியிருந்தாலும் அதனைப் படிக்க அவர்கள் உள்ளே செல்ல முடியாது. 1947ஆம் ஆண்டின் சென்னை மாகாணக் கோயில் நுழைவுச் சட்டம் வந்த பின்னரே அச்சுவரருகே நின்று அதனைப் படிக்கும் உரிமை நமக்குச் சட்டப்படி உறுதியாயிற்று.

எழுதப்பட்டது கோயிலுக்குள், நாம் நின்றது கோயிலுக்கு வெளியே. இதனை மனத்தில் இருத்திக்கொண்டு ஐரோப்பாவுக்குச் செல்வோம்.

ஐரோப்பாவின் சேரிகள்

ஐரோப்பாவில் அன்று பெரும்பான்மையான மக்கள் உழவர்கள். அவர்களுள் பலர் பண்ணையடிமைகள். ஆண்டையின் அனுமதியின்றி நிலத்தை விட்டுப் போக முடியாது. மணம் முடித்தாலும் ஆண்டைக்குப் பணம், மாண்டாலும் ஆண்டைக்குப் பங்கு. காட்டில் விறகு பொறுக்குவதும் ஆற்றில் மீன் பிடிப்பதும் குற்றமாகக் கருதப்பட்ட இடங்கள் பல.

செருமனி நாட்டில் நிக்லாசுஃகவுசன் என்றொரு சிற்றூர். அங்கு ஆன்சு பெம் என்னும் ஏழை இடையன் இருந்தான். திருவிழாக்களில் பறையடித்துக் குழலூதுவது அவன் வழக்கம். 1476ஆம் ஆண்டு அவன் ஊர் மக்களைக் கூட்டிப் பேசத் தொடங்கினான். நீரிலுள்ள மீனும் காட்டிலுள்ள விலங்கும் எல்லார்க்கும் பொது என்றான். குருமாரும் பிரபுக்களும் ஒருநாள் மற்றவர்களைப் போலவே கூலிக்கு உழைக்க வேண்டிவரும் என்றான். அவன் பேச்சைக் கேட்கப் பல்லாயிரவர் திரண்டனர். வூர்சுபர்க்கு நகரின் ஆயர் அவனைச் சிறைபிடித்து, அவ்வாண்டு சூலை மாதம் உயிரோடு எரிக்கச் செய்தார்.

நண்பர்களே, பறையடித்த அந்த இளைஞன் எழுதப் படிக்கத் தெரியாதவன். அவன் பேசியவை இன்று நமக்கு எப்படித் தெரிகின்றன? அவனைப் பிடிப்பதற்காக ஆயர் அனுப்பிய ஒற்றர்கள் அவன் பேச்சைக் குறிப்பெடுத்தார்கள். பகைவர் எடுத்த அந்தக் குறிப்பே இன்று எஞ்சியிருக்கின்றது. எழுத்தறியாத மக்களின் வரலாறு அவர்களைத் தண்டித்தவர்களின் ஏட்டில்தான் கிடைக்கும் என்பது எந்த நாட்டிற்கும் பொதுவான உண்மை.

பத்தாண்டு கழித்து ஐரோப்பாவின் மற்றொரு மூலையில் வேறொரு முடிவு ஏற்பட்டது. இன்றைய இசுபெயின் நாட்டின் கட்டலோனியாவில் 'இரெமென்சா' என்று அழைக்கப்பட்ட பண்ணையடிமை உழவர்கள் இருந்தனர். அவர்கள் மீது சுமத்தப்பட்டிருந்த கொடுமைகளுக்குத் 'தீய வழக்கங்கள்' என்றே பெயர். அவ்வழக்கங்களை எதிர்த்து அவர்கள் தலைமுறைகளாகப் போராடினர், ஆயுதமும் ஏந்தினர். இறுதியில் 1486ஆம் ஆண்டு மன்னர் பெர்டினாண்டு குவாதலூப்பே என்னுமிடத்தில் வழங்கிய தீர்ப்பால் அத்தீய வழக்கங்கள் ஒழிந்தன. உழவர் அதற்கு ஈடாகப் பணம் கட்ட வேண்டியிருந்தது உண்மையே. ஆயினும் அவர்கள் கையில் எழுத்து வடிவில் ஓர் ஆவணம் கிடைத்தது. அது அவர்தம் பிள்ளைகளின் கைக்கும் சென்றது.

1493ஆம் ஆண்டு அல்சாசு மாநிலத்தில் உழவர்களும் ஏழை நகரத்தார் சிலரும் கமுக்கமாகக் கூடி ஒரு சங்கம் அமைத்தனர். அவர்கள் தம் அடையாளமாக எடுத்துக்கொண்டது ஒரு செருப்பு. பிரபுக்கள் உயர்ந்த காலணி அணிந்து குதிரையேறுவர். உழவன் வாரால் கட்டும் எளிய தோற்செருப்பு அணிவான். எங்களை எதனால் இழிவாக எண்ணுகிறீர்களோ அதையே எங்கள் சின்னமாக்குவோம் என்று அவர்கள் துணிந்தனர். திட்டம் வெளிப்பட்டது, தலைவர்கள் தண்டிக்கப்பட்டு மாண்டனர். ஆயினும் செருப்புச் சின்னம் மறையவில்லை. அடுத்த கால் நூற்றாண்டில் மீண்டும் மீண்டும் அது கொடியில் எழுந்தது.

நம் பெரியவர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. ஊர்த்தெருவில் நுழையும் முன் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடந்த கால்கள் இந்த அரங்கிலேயே இருக்கின்றன.

அச்சு வந்தது

இக்காலத்தில் ஐரோப்பாவில் நிகழ்ந்த பெரும் மாற்றம் அச்சுக்கலை. அசையும் எழுத்துகளைக் கொண்டு அச்சிடுவதைச் சீனர் பதினோராம் நூற்றாண்டிலேயே கண்டறிந்தனர். கொரியாவில் உலோக எழுத்தால் அச்சான நூல் 1377ஆம் ஆண்டிலேயே வெளிவந்தது. ஐரோப்பாவில் மைன்சு நகரத்துப் பொற்கொல்லர் வழி வந்த கூட்டன்பர்க்கு, ஈய எழுத்துகளை வார்த்து, அழுத்துபொறி ஒன்றை அமைத்து, 1455ஆம் ஆண்டளவில் விவிலியத்தை அச்சிட்டு முடித்தார். ஏறத்தாழ 180 படிகள் அச்சாயின. அதற்கு முன் ஒரு விவிலியத்தைக் கையால் படியெடுக்க ஓர் எழுத்தருக்கு ஓராண்டுக்கு மேலும் ஆகும்.

கூட்டன்பர்க்கு செல்வராகிவிடவில்லை. கடன் கொடுத்தவர் வழக்குத் தொடுத்துக் கருவிகளைப் பறித்துக்கொண்டார். கைத்தொழில் செய்வோர்க்குக் கடன் கொடுத்தவன் கருவியை எடுத்துச் செல்லும் கதை காஞ்சிக்குப் புதியதன்று! ஆயினும் தொழில் பரவியது. 1476ஆம் ஆண்டு காக்சுடன் என்பவர் அதனை இங்கிலாந்துக்குக் கொண்டு சென்றார். வெனிசு நகரம் அச்சுத் தொழிலின் தலைநகராயிற்று. 1500ஆம் ஆண்டுக்குள் ஏறத்தாழ 250 ஊர்களில் அச்சகங்கள் அமைந்தன. முப்பதாயிரத்தை ஒட்டிய பதிப்புகள் வெளிவந்தன. மடாலயத்துப் பெட்டிக்குள் பூட்டியிருந்த நூல் கடைத்தெருவுக்கு வந்தது.

அச்சு நன்மையை மட்டும் செய்ததாக நாம் கூறமாட்டோம். 1486ஆம் ஆண்டை ஒட்டிச் சூனியக்காரிகளை வேட்டையாடும் முறையைக் கற்பிக்கும் நூலொன்று செருமனியில் அச்சாயிற்று. அது பலமுறை மறுபதிப்புக் கண்டது. பின்னர் இரு நூற்றாண்டுகளில் சூனியம் செய்தார்கள் என்னும் பழியால் கொல்லப்பட்டவர்கள் பல்லாயிரவர். அவர்களுள் பெரும்பாலோர் ஏழைப் பெண்கள், கைம்பெண்கள், கிழவிகள். அச்சுப்பொறி அறிவையும் பரப்பும், வெறுப்பையும் பரப்பும். இன்று நம் கைப்பேசிக்கும் இவ்வுண்மை பொருந்தும். கையில் கருவி இருப்பது போதாது. அதில் வருவதை எடைபோட்டுப் பார்க்கும் கல்வியும் வேண்டும்.

அக்காலத்து அறிஞருள் லியொனார்டோ டா வின்சியின் வாழ்வை இளைஞர்கள் கருத வேண்டும். அவர் 1452ஆம் ஆண்டு பிறந்தவர். தந்தை ஆவணம் எழுதும் தொழிலினர், தாய் ஏழைப்பெண். பெற்றோர் மணம் புரிந்துகொள்ளாதவர்கள். ஆதலால் தந்தையின் தொழிலுக்குச் செல்லும் உரிமை அவருக்கு இல்லை. பல்கலைக்கழகக் கல்வியும் கிட்டவில்லை. தம்மை எழுத்தறியா மனிதர் என்று அவரே குறித்துக்கொண்டார். ஆனால் அவர் வாளாவிருக்கவில்லை. பட்டறையில் ஓவியம் கற்றார்; நடுவயதில் தாமே இலத்தீன் பயின்றார்; கண்டதையெல்லாம் குறிப்பேட்டில் எழுதினார், வரைந்தார். ஆயிரக்கணக்கான பக்கங்கள் இன்றும் உள்ளன. பிறப்பைக் காட்டி ஒரு கதவு அடைக்கப்பட்டதும் அவர் குறிப்பேடு என்னும் மற்றொரு கதவைத் தாமே திறந்துகொண்டார்.

நெசவாளர் மகன்

கொலம்பசைப் பற்றி நம் நெசவூரில் ஒரு செய்தி சொல்லியாக வேண்டும். அவர் ஜெனோவா நகரத்துக் கம்பளி நெசவாளர் ஒருவரின் மகன். கடலோடியாகி, பூகோள நூல்களைத் தேடிப் படித்து, ஓரங்களில் குறிப்பெழுதி, மன்னர்களின் வாயிலில் ஆண்டுக்கணக்கில் காத்து நின்றார். 1492 அக்டோபர் 12ஆம் நாள் அட்லாண்டிக்குக் கடலைக் கடந்து கரீபியத் தீவொன்றில் இறங்கினார். அவர் எழுதிய கடிதம் 1493ஆம் ஆண்டிலேயே அச்சாகிப் பல நாடுகளில் பரவியது. நெசவாளர் மகன் உலகப் படத்தை மாற்றினார் என்று நாம் பெருமை கொள்ளலாம்.

ஆனால் கதை அங்கு முடியவில்லை. 1495ஆம் ஆண்டு அவர் தம்மை வரவேற்ற அத்தீவு மக்களுள் ஏறத்தாழ 500 பேரைப் பிடித்துக் கப்பலில் ஏற்றி, அடிமைகளாக விற்க இசுபெயினுக்கு அனுப்பினார். வழியிலேயே பலர் மாண்டனர். எளிய குடியில் பிறந்தவர் என்பதனால் ஒருவர் எளியோர்க்கு நண்பராகிவிடுவதில்லை என்பதை இது காட்டுகின்றது. நம்முள் படித்துப் பதவி பெற்று உயர்வோர் இதனை ஒரு நாளும் மறத்தலாகாது.

1498ஆம் ஆண்டு மே மாதம் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் இறங்கினார். சாமூதிரி மன்னருக்கு அவர் அளிக்க முன்வந்த பரிசுகளுள் பன்னிரண்டு துணிகளும், சில தொப்பிகளும், கைகழுவும் பாத்திரங்களும், எண்ணெயும் தேனும் இருந்தன. அவற்றைக் கண்ட அரண்மனை அலுவலர்கள் நகைத்தனர். மெக்காவிலிருந்து வரும் ஏழை வணிகன்கூட இதைவிட நல்ல பொருள் தருவான் என்றனர். கைத்திறனிலும் செல்வத்திலும் நம் நாடு அன்று ஐரோப்பாவுக்குத் தாழ்ந்ததன்று. நம் நெசவாளர் நெய்த துணியைத் தேடித்தான் அவர்கள் பின்னர்க் கடல் கடந்து வந்தனர். அப்படியாயின், அடுத்த முந்நூறு ஆண்டுகளில் அவர்கள் மேலேறவும் நாம் கீழிறங்கவும் காரணம் என்ன? பீரங்கியும் கப்பலும் ஒரு காரணம். நம் மன்னரின் பூசல் ஒரு காரணம். அவற்றோடு மூன்றாவதாக ஒன்றையும் நாம் சேர்க்க விரும்புகின்றோம். அங்கே அறிவு கைக்குக் கை மாறிப் பரவத் தொடங்கிய காலத்தில், இங்கே பெரும்பான்மை மக்களுக்கு எழுத்து மறுக்கப்பட்டது. நெய்தவனின் கையும் எழுதியவனின் கையும் இங்கு ஒன்றுசேரவில்லை.

பறிக்க முடியாத பொருள்

1492ஆம் ஆண்டு மற்றொரு நிகழ்ச்சியும் நடந்தது. அதுவே நம் சங்கத்துக்கு மிக நெருங்கிய பாடம் என்று கருதுகின்றோம்.

இசுபெயின் நாட்டில் யூதர்கள் பல நூற்றாண்டுகளாக வாழ்ந்து வந்தனர். காலப்போக்கில் அவர்கள் தனிக்குடியிருப்புகளில் ஒதுக்கப்பட்டனர். ஆடையில் அடையாளம் தைத்துக்கொள்ளுமாறு கட்டாயப்படுத்தப்பட்டனர். தனிக்குடியிருப்பும் உடையில் கட்டுப்பாடும் நமக்குத் தெரியாதவையா? 1492 மார்ச்சு 31ஆம் நாள் அரச ஆணை பிறந்தது. மதம் மாறாத யூதர் அனைவரும் சூலை இறுதிக்குள் நாட்டை விட்டு வெளியேற வேண்டும். பொன்னும் வெள்ளியும் நாணயமும் எடுத்துச் செல்லலாகாது. வீட்டையும் தோட்டத்தையும் கிடைத்த விலைக்குக் கொடுத்துவிட்டு மக்கள் கூட்டம் கூட்டமாக வெளியேறினர்.

அவர்களுள் ஒரு பகுதியினர் துருக்கிப் பேரரசின் தலைநகராகிய கான்சுடாண்டிநோபிளை அடைந்தனர். 1493ஆம் ஆண்டு, வெளியேறிய அடுத்த ஆண்டிலேயே, அகதிகளாக வந்த உடன்பிறந்தார் இருவர் அந்நகரில் ஓர் அச்சகம் நிறுவித் தம் எபிரேய மொழியில் நூலை அச்சிட்டனர். அந்நகரின் முதல் அச்சகம் அதுவே.

எண்ணிப் பாருங்கள். ஊர் பறிபோனது, வீடு பறிபோனது, பொன் பறிபோனது. அவர்கள் முதலில் கட்டியது அச்சகம்! ஆண்பிள்ளைகளுக்கு இளமையிலேயே எழுத்தறிவிப்பதைக் கடமையாகக் கொண்ட சமூகம் அது. எல்லையில் நின்ற காவலர் அவர்தம் மடியைச் சோதித்துப் பொன்னைப் பறிக்க முடிந்தது; தலைக்குள் இருந்த எழுத்தைப் பறிக்க முடியவில்லை. அழியாத செல்வம் கல்வியே என்று வள்ளுவர் சொன்னதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

நம் கைக்கு எழுத்து வந்த நாள்

தமிழ் எழுத்தில் அச்சான நூல் 1578ஆம் ஆண்டு கொல்லத்தில் வெளிவந்தது. 'தம்பிரான் வணக்கம்' என்னும் பதினாறு பக்கக் கிறித்தவ நூல் அது. இந்திய மொழிகளுள் அச்சேறிய முதல் எழுத்து நம் தமிழே என்பது பெருமைதான். ஆனால் அவ்வெழுத்து சேரிக்கு வந்து சேர முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

அன்று காஞ்சி அடங்கியிருந்த செங்கல்பட்டு மாவட்டத்தில் கோழியாளம் என்னும் சிற்றூரில் பிறந்தவர் இரட்டைமலை சீனிவாசன். அவர் 1893ஆம் ஆண்டு சென்னையில் 'பறையன்' என்னும் இதழைத் தொடங்கினார். நான்கு பக்கம்; இரண்டணா விலை. முதல் இதழ் இரண்டு நாளில் சென்னையில் மட்டும் ஏறத்தாழ நானூறு படிகள் விற்றதாக அவர் தம் வாழ்க்கை வரலாற்றுச் சுருக்கத்தில் குறித்திருக்கிறார். எப்பெயரால் நம்மை இழிவு செய்தார்களோ அப்பெயரையே அவர் இதழின் முகப்பில் பொறித்தார். 1493இல் அல்சாசு உழவர் செருப்பைச் சின்னமாக்கினர். 1893இல் சீனிவாசனார் பெயரைக் கொடியாக்கினார். இருவருக்கும் இடையே நானூறு ஆண்டுகள். ஒருவரை அறிந்து மற்றவர் செய்ததன்று. ஒடுக்கப்பட்ட மனிதனின் தன்மானம் எங்கும் ஒரே வழியில்தான் எழுகின்றது.

1907ஆம் ஆண்டு அயோத்திதாசப் பண்டிதர் 'ஒரு பைசாத் தமிழன்' என்னும் வார இதழைத் தொடங்கினார். கூலிக்காரனும் வாங்கக்கூடிய விலையே இதழின் பெயராயிற்று.

எழுத்து என்ன செய்யும் என்பதற்கு நம் மாவட்டமே சான்று தரும். 1891ஆம் ஆண்டு செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்கீர், இம்மாவட்டத்து ஆதிதிராவிட மக்களின் நிலையை விரிவாக எழுதி அரசுக்கு அனுப்பினார். அதன் பயனாக 1892ஆம் ஆண்டு பிறந்த அரசாணையால் நம் மக்களுக்கு நிலம் ஒதுக்கப்பட்டது. பஞ்சமி நிலம் என்று நாம் வழங்குவது அதுவே. முதல் பத்தாண்டுகள் அந்நிலத்தை விற்றலாகாது. பின்னரும் நம் மக்களுக்கன்றிப் பிறருக்கு விற்றலாகாது என்பது அதன் விதி. அப்படியிருந்தும் அந்நிலங்கள் பல கைமாறிப் போயின. ஏன்? ஆணை எழுத்தில் இருந்தது. நம்மிடம் அதனைப் படிப்பார் இல்லை. கைந்நாட்டு வைத்தவனுக்குத் தான் எதற்கு வைத்தோம் என்பது தெரியாது. கட்டலோனிய உழவன் தீர்ப்பை வைத்துக்கொண்டு தன் பேரனுக்குக் காட்டினான். நம் பாட்டனாரோ தம் நிலத்தை எழுதிக்கொடுத்த தாளைக்கூட அறியாமல் போனார்.

1924ஆம் ஆண்டு இரட்டைமலை சீனிவாசனார் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானத்தால் பொதுச்சாலையிலும் பொதுக்கிணற்றிலும் நமக்குள்ள உரிமை ஏட்டில் ஏறியது. அண்ணல் அம்பேத்கர் 1913ஆம் ஆண்டு கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து கற்றார். திரும்பி வந்து நாட்டின் அரசமைப்பை எழுதும் குழுவுக்குத் தலைமை தாங்கினார். 1945ஆம் ஆண்டு மக்கள் கல்விக் கழகத்தைத் தோற்றுவித்தார். அவர் விதைத்த அந்த எண்ணத்தின் ஒரு சிறு கிளையே நம் சங்கமும்.

இனி நாம் செய்ய வேண்டியவை

இளைஞர்களே, காஞ்சிப் பட்டில் கோர்வைச் சேலை நெய்வதை நீங்கள் அறிவீர்கள். உடலுக்கு ஒரு நாடா, கரைக்கு ஒரு நாடா. நெசவாளர் ஒரு பக்கம் அமர, மறுபக்கம் கரை நாடாவை எறிந்து கொடுக்க ஒரு சிறு கை வேண்டும். முன்னாளில் அக்கைகள் பள்ளிக்குச் செல்ல வேண்டிய பிள்ளைகளின் கைகள். வாங்கிய முன்பணத்துக்காகத் தறியிலேயே இளமையைக் கழித்தவர்கள் நம்முள் பலர். அவர்கள் கோர்த்த கரைகள் மணமேடைகளில் மின்னின. அவர்தம் பெயர்கள் எந்தப் பள்ளிப் பதிவேட்டிலும் ஏறவில்லை. அப்பிள்ளைகளை மாலைப் பாடத்துக்கு அழைத்து வந்து, சிம்னி விளக்கொளியில் 'அ' எழுதுவித்தவர்களே இச்சங்கத்தின் பெரியோர்கள். அவர்களை இன்று வணங்குகின்றோம்.

ஆதலின் உங்களிடம் மூன்று வேண்டுகோள்களை வைக்கின்றோம்.

ஒன்று, கோயிற் சுவரிலுள்ள கல்வெட்டைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். தொல்லியல் பயில நம் பிள்ளைகள் செல்ல வேண்டும். நாம் வெளியே நின்ற காலத்தில் உள்ளே என்ன எழுதப்பட்டது என்பதை நாமே படித்தறிய வேண்டும்.

இரண்டு, உங்கள் வீட்டு முதியோர் உயிரோடிருக்கும்போதே அவர்கள் சொல்வதை எழுதிவையுங்கள். எந்த ஏரியில் கூலி வேலை செய்தார்கள், எந்தக் கிணற்றில் நீர் மறுக்கப்பட்டது, யார் முதலில் செருப்பணிந்து ஊர்த்தெருவில் நடந்தார் என்பன எந்த நூலிலும் இல்லை. ஒற்றரின் குறிப்பில்தான் நம் வரலாறு கிடைக்கும் என்னும் நிலை இனி வேண்டா.

மூன்று, பெண்பிள்ளைகளின் படிப்பைப் பாதியில் நிறுத்தாதீர்கள். ஒரு பெண் நிலத்தின் பட்டாவைப் படிக்கத் தெரிந்தவளாக இருந்தால் அக்குடும்பத்தை ஏமாற்றுவது எளிதன்று.

வினா எழுப்பிய தம்பிக்கு நம் விடை இதுவே. பறையடித்த இடையனையும், செருப்பைக் கொடியாக்கிய உழவனையும், அடுத்த ஆண்டே அச்சகம் கட்டிய அகதியையும் அறிந்தால், நம் துன்பம் நம் தலையில் மட்டும் எழுதப்பட்டதன்று என்பது விளங்கும். மனிதர் செய்த ஏற்பாடு அது. ஆதலின் மனிதர் மாற்றக்கூடியதும் ஆகும். அதனைத் தேர்வுக்காகப் படித்து மறந்துவிடுதல் கூடாது.

இச்சங்கம் பொன்விழாக் காணும்போது இம்மேடையில் நம் பேத்தி ஒருத்தி நின்று, காஞ்சிக் கோயிலின் கல்வெட்டொன்றைத் தானே படித்துப் பொருள் சொல்லட்டும். அன்று அரங்கின் கடைசி வரிசையில் அமர்ந்து கேட்கும் பேறு நமக்குக் கிட்டுமாயின் அதுவே போதும்.

வாழ்க நம் கல்விச் சங்கம்!